கழனித் தண்ணீரில் மூன்று வால் புழு: குருணை போட வேண்டாம்

கேள்வி: காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் சம்பா நட்டு 32 நாள் ஆகிறது. ஒரு வாரமாகக் கழனி முழுக்கத் தட்டாம்பூச்சி. பெரிய மஞ்சள் தட்டான் மேலே கூட்டமாகச் சுற்றுகிறது. ஊசி மாதிரி மெல்லிய ஒன்று தூர்களுக்குள் புகுந்து புகுந்து வருகிறது. தண்ணீரில், வாலில் மூன்று இலை வைத்தது போன்ற புழு நிறைய தெரிகிறது. அது வேரைத் தின்னும், குருணை மருந்து போடுங்கள் என்கிறார் மருந்துக் கடைக்காரர். போடலாமா? பக்கத்துப் பண்ணைக்குட்டையில் மீன் குஞ்சும் விடப்போகிறேன்.

பதில்: குருணை வாங்கிவிட்டீர்கள் என்றால் பையைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள். நீங்கள் பார்த்த மூன்று வால் புழு, தூர்களுக்குள் பறக்கும் அதே ஊசித்தட்டானின் குஞ்சு. வேரையும் தண்டையும் அது தொடாது. அசைகிற இரையைத்தான் பிடிக்கும்.

நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வெள்ளைத் தட்டு ஒன்றில் கழனித் தண்ணீரை அரை டம்ளர் ஊற்றி, ஒரு புழுவை விடுங்கள். தொட்டித் தண்ணீரில் நெளியும் கொசுப்புழு இரண்டைக் கூடவே போடுங்கள். சிறிது நேரம் அசையாமல் கிடக்கும். கொசுப்புழு எதிரே வந்ததும், தாடைக்கடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைக் கை நீட்டுவதுபோல வீசி, கொக்கியால் கவ்வி வாய்க்கு இழுத்துவிடும். கண் சிமிட்டினால் தவறிப்போகும், அவ்வளவு வேகம். வாலிலுள்ள மூன்று இலைகளும் அதற்குச் செவுள். நீந்தும்போது துடுப்பாகவும் உதவும். பெரிய தட்டானின் குஞ்சுக்கு இந்த இலைகள் இருக்காது. குட்டையாக, தடித்து, சேற்று நிறத்தில் வால் நுனியில் முள்ளோடு இருக்கும். அதன் செவுள் மலக்குடலுக்குள் இருக்கிறது. பயந்தால் பின்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சி முன்னே பாயும்.

இன்னொன்றோடு குழப்பிக்கொள்ள இடமுண்டு. வால் மூன்றும் இலை போல இல்லாமல் மயிர் போல நீண்டு, வயிற்றின் இருபுறமும் செவுள்கள் படபடத்தால் அது ஒருநாள்பூச்சியின் குஞ்சு. பாசியை மேயும்; அதனாலும் பயிருக்குக் கேடில்லை. கேடு செய்வது கூண்டுப்புழுதான். நெல் இலையை வெட்டிக் குழலாகச் சுருட்டி, அதற்குள் இருந்தபடி தண்ணீரில் மிதக்கும். இலையில் பச்சையம் சுரண்டப்பட்டு வெள்ளை வெள்ளையாக ஏணிப்படி போலத் தெரியும். அதற்கும் குருணை வேண்டாம். மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றைப் பயிரின்மேல் இழுத்துக் கூண்டுகளைத் தண்ணீரில் விழவைத்து, தண்ணீரை வடித்தால் போதும்.

இனிப் பறப்பவை. உட்கார்ந்திருக்கும்போது பாருங்கள். சிறகுகளை இருபுறமும் விரித்து வைத்தால் தட்டான். முதுகின்மேல் சேர்த்து மடித்துக்கொண்டால் ஊசித்தட்டான். ஊசித்தட்டானிலேயே சிறகைப் பாதி விரித்து உட்காரும் இனங்களும் உண்டு. அதனால் கண்ணையும் பாருங்கள்: ஊசித்தட்டானுக்கு இரு கண்ணும் தலையின் இரு ஓரத்தில் உருண்டையாகத் தனித்து நிற்கும், பெரும்பாலான தட்டான்களுக்கு உச்சியில் ஒட்டிக்கொண்டு தலை முழுக்கக் கண்ணாகத் தெரியும். தட்டானின் பின்சிறகு முன்சிறகைவிட அகலம். ஊசித்தட்டானுக்கு நான்கும் ஒரே வடிவம்.

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். வரப்புக் குச்சியில் இரத்தச் சிவப்பாக உட்காரும் ஆண் தட்டானின் பெண், வெளிர் மஞ்சள் பழுப்பு. இரண்டும் வேறு வேறு இனம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். புதிதாகத் தோலுரித்து வந்தது எந்த இனமானாலும் வெளிறித்தான் இருக்கும். சிறகு கண்ணாடித்தாள் போல மினுங்கும். அப்போது கையில் பிடித்தால் சிறகு கோணிவிடும், பிறகு நேராகாது.

உங்கள் கழனிக்கு மேலே கூட்டமாகச் சுற்றுவது பொன்னிற உடலும் செம்பழுப்புக் கண்ணும் உள்ள பந்தாலா ஃப்ளேவிசென்ஸ். நீளம் நாலரை சென்டிமீட்டர் இருக்கும். பகலில் உட்காருவது அபூர்வம். உட்கார்ந்தால் செடியில் செங்குத்தாகத் தொங்கும். பருவக்காற்றோடும் மழையோடும் வரும் இனம் இது. இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகிறது. தட்டான் தாழப் பறந்தால் மழை என்று நம் பக்கம் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பச்சை மஞ்சளில் கறுப்புப் பட்டை, நடுவில் இடுப்பு சிறுத்து நுனி தடித்த வால் என்றால் அது ஆர்த்தெட்ரம் சபீனா. இது மற்றத் தட்டான்களையும் பிடித்துத் தின்னும். ஆணின் சிறகில் கறுப்பும் பால்வெள்ளையும் பட்டையாக இருந்து, பயிருக்குமேல் தளர்ந்து பறந்தால் நியூரோதெமிஸ் டுல்லியா. நெல் கழனியின் நிரந்தரவாசி. கிணற்றுச் சுவரிலும் கருங்கல்லிலும் கல்லோடு கல்லாக ஒட்டியிருக்கும் சாம்பல் புள்ளித் தட்டானைக் காட்பாடி, வேலூர்க் குன்றுப் பக்கம் பார்க்கலாம். சிமெண்டுத் தொட்டியில் அதன் குஞ்சு கண்டால் அப்படியே விடுங்கள், கொசுப்புழு மிஞ்சாது.

ஆனால் உங்கள் பயிருக்கு உண்மையான துணை, யாரும் கவனிக்காத அந்தச் சின்ன ஊசித்தட்டான்தான். அக்ரியோக்நெமிஸ் பிக்மியா என்று பெயர். இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆணின் வால் நுனி செங்கல் நிறம். பெரிய தட்டான் பயிருக்கு மேலே திறந்த வெளியில் வேட்டையாடுகிறது. தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சி இரவில் பறப்பது; பகலில் கலைந்து எழுவதுதான் பெரிய தட்டானின் வாயில் சிக்கும். தண்டுக்குள் போய்விட்ட புழுவை எந்தத் தட்டானாலும் எடுக்க முடியாது. இந்தச் சின்னதோ தூர்களுக்கு இடையே நுழைந்து, தண்டில் ஒட்டியிருக்கும் பச்சைத் தத்துப்பூச்சியையும் புகையானையும் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறது. நம் கைத்தெளிப்பானின் மருந்துகூடச் சரியாகச் சேராத இடம் அது.

பெண் ஊசித்தட்டான் வாலை வளைத்துத் தண்டில் குத்துவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். செடித் திசுவுக்குள் முட்டை வைக்கிறது, பயிருக்குச் சேதமில்லை. பொன்தட்டான் வாலால் தண்ணீரைத் தட்டித் தட்டிப் போவதும் முட்டை இடத்தான். அதற்கு முட்டையிலிருந்து சிறகு முளைக்க ஏறக்குறைய 40 நாளிலிருந்து இரண்டு மாதம் ஆகும். அவ்வளவு காலமும் தண்ணீரில்தான். குருணை கரைந்து போய்ச் சேரும் இடமும் அதே தண்ணீர். ஜப்பானில் நெல் நாற்றுத்தட்டில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்தை இடும் பழக்கம் வந்தபின், கழனியிலிருந்து செந்தட்டான் வெளிவருவது பெரிதும் குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நம் கழனியில் செயற்கை பைரித்ராய்டு வகை மருந்து தெளித்தபின் புகையான் முன்னைவிடப் பெருகுவதற்கு ஒரு முக்கியக் காரணம், அதைத் தின்பவை முதலில் சாவது. அதோடு யூரியாவும் கூடிப்போனால் கேட்கவே வேண்டாம்.

காலை ஏழு மணிக்குமேல் கழனியில் குறுக்காக நடந்து 20 தூர்களைத் தட்டிப் பாருங்கள். புகையான் ஒரு தூருக்கு எத்தனை, ஒரு சிம்புக்கு (தூரிலுள்ள ஒரு கிளைத்தண்டு) எத்தனை என்று எண்ணுங்கள். சிம்புக்கு ஒன்று, தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு இரண்டு என்ற அளவு வரை மருந்து தேவையில்லை. தண்டுத்துளைப்பானுக்கு சதுர மீட்டருக்கு 2 முட்டைக்குவியல் அல்லது 10 சதவீதம் நடுக்குருத்துக் காய்தல். இலைச்சுருட்டுப் புழுவுக்கு இந்த வயதில் 10 சதவீத இலைச்சேதம். தட்டானுக்கென்று தனி அளவு வகுக்கப்படவில்லை. கேடு செய்யும் பூச்சி இரண்டுக்கு, சிலந்தி, பொறிவண்டு, ஊசித்தட்டான் எல்லாம் சேர்த்து ஒன்று இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம். தண்டில் முதுகு பிளந்து, உள்ளே வெள்ளை நூல் தொங்கும் காலிக் கூடுகள் ஒட்டியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை உங்கள் கழனியிலேயே பிறந்தவற்றின் தோல். அவை தெரிந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது.

தண்டுத்துளைப்பானுக்கு இப்போது செய்ய வேண்டியது, அதன் முட்டையை அழிக்கும் நுண்ணிய குளவி வெளிவரும் முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டுவது. டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம் ஏக்கருக்கு 2 சிசி, நட்ட 30, 37ஆம் நாள். முதல் தவணை தள்ளிப்போயிருந்தால் இன்றே கட்டுங்கள். இலைச்சுருட்டுக்கு டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் அதே அளவு, 37, 44, 51ஆம் நாள். கட்டியபின் ஒரு வாரத்துக்கு எந்தப் பூச்சிமருந்தும் ஆகாது. அளவு மீறினால் முதலில் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல், ஏக்கருக்கு 10 கிலோ பருப்பு 200 லிட்டர் தண்ணீரில், மாலையில் தெளியுங்கள்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுகிறீர்கள் என்றால் குஞ்சுகளுக்கு ஒதுங்க இடம் வேண்டும். மடை ஓரத்தில் ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழத்தில் பள்ளம் எடுத்து, அதில் மட்டும் தண்ணீர் வற்றாமல் பாருங்கள். அடுத்த பாய்ச்சலில் அங்கிருந்து திரும்பப் பரவும். புகையான் அளவைத் தாண்டிவிட்டால் இதையெல்லாம் பாராமல் தண்ணீரை வடியுங்கள். அப்போது பயிர்தான் முக்கியம்.

பண்ணைக்குட்டைக்கு மட்டும் கணக்கு நேர்மாறு. அங்கே இதே குஞ்சுதான் எதிரி. அரை அங்குல மீன் குஞ்சை அதே கீழுதட்டால் பிடித்துவிடும். மீன் நாற்றங்காலில் சோப்பும் எண்ணெயும் கலந்து ஊற்றும் முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: எக்டேருக்கு எண்ணெய் 56 கிலோ, சோப்பு 18 கிலோ. சென்ட்டுக்குச் சுமார் 225 கிராம் எண்ணெய், 75 கிராம் சோப்பு ஆகிறது. மேலே வந்து மூச்சு வாங்கும் நீர்வண்டும் முதுகு நீச்சல் பூச்சியும் அதில் சாகும். தட்டான் குஞ்சு செவுளால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடுவதால் தப்பிவிடும். ஆகவே குட்டையை முழுக்க வற்றவிட்டு, தரை வெடிக்கும்வரை காயவிட்டு, சென்ட்டுக்கு ஒரு கிலோ சுண்ணாம்பு போட்டு, தண்ணீர் வரும் குழாயில் நெருக்கமான நைலான் வலைத்துணி கட்டி நிரப்புங்கள். கரையோரக் கோரையையும் சம்பையும் தண்ணீர் விளிம்பிலிருந்து வெட்டிவிட்டால் ஊசித்தட்டான் முட்டை வைக்க இடம் குறையும். நிரப்பி வாரக்கணக்கில் சும்மா வைத்தால் தட்டான் வந்து முட்டையிட்டு, மீன் விடும் நேரத்தில் குஞ்சு பெரிதாகியிருக்கும். நான்கு அங்குல விரலளவு குஞ்சாக வாங்கி விட்டால் தட்டான் குஞ்சால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அந்த அளவு மீன் அதையே தின்றுவிடும். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் உங்களுக்கு அதைத்தான் சொல்வேன்.