மெய் பிம்பம், மாய பிம்பம்: வாசகர் கேள்விகள்

மாய பிம்பத்தைத் திரையில் பிடிக்க முடியாது என்று பாடம் நடத்தினேன். “அப்புறம் கண்ணாடி முன்னால நின்னு செல்ஃபி எடுத்தா மட்டும் எப்படிங்க மிஸ் விழுது?” என்று ஒரு பையன் கேட்டுவிட்டான்.
– ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

பையன் விவரமானவன். திரையில் விழுகிறதா என்பது சோதிக்கும் வழி மட்டும்தான். அதுவே இலக்கணம் அல்ல. ஒளிக்கதிர்கள் ஓரிடத்தில் உண்மையிலேயே கூடினால் அங்கே மெய் பிம்பம். விரிந்து வரும் கதிர்களைப் பின்னோக்கி நீட்டினால் மட்டும் ஒரு புள்ளியில் சேரும் என்றால், அது மாய பிம்பம். சமதள ஆடிக்குப் பின்னால் ஒரு கதிரும் போவதில்லை. அங்கே தாளை நீட்டினால் வெறும் தாள்தான். ஆனால் ஆடியில் பட்டுத் திரும்பும் கதிர்கள் நிஜம். செல்போன் லென்ஸ் அவற்றைக் குவித்து, சென்சாரின் மேல் புதிதாக ஒரு மெய் பிம்பத்தை உண்டாக்குகிறது. நம் விழித்திரையிலும் நடப்பது இதுவே.

வகுப்பிலேயே காட்டலாம். ஆடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, ஒரு சாண் தள்ளிப் போனைப் பிடியுங்கள். பொட்டுக்கு ஃபோகஸ் செய்தால் போனின் பிம்பம் மங்கும், ஏனென்றால் அது இரண்டு சாண் தொலைவில் இருக்கிறது.

துணியில இழை எண்ற லென்ஸைக் கிட்ட வெச்சா நேராப் பெருசாத் தெரியுதுங்க. தூக்கிப் புடிச்சா தலகீழாயிருது. லென்ஸ் கெட்டுப் போச்சுங்களா?
– விசைத்தறிக்காரர், சோமனூர்

லென்ஸ் நன்றாகவே இருக்கிறது. அதன் குவியத் தொலைவு, அதாவது வெகுதூரத்திலிருந்து வரும் ஒளியை அது குவிக்கும் தூரம், 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். துணி 4 செ.மீ.யில் இருந்தால், துணி இருக்கும் பக்கமே 20 செ.மீ. தள்ளி, 5 மடங்கு பெரிய நேரான மாய பிம்பம். 6 செ.மீ.க்குத் தூக்கினால் மறுபக்கம் 30 செ.மீ.யில், அதே 5 மடங்கில், தலைகீழான மெய் பிம்பம். அந்தரத்தில் நிற்கும் அதைப் பார்க்கத் திரை வேண்டியதில்லை. கண் அதற்கும் நன்றாக அப்பால் இருந்தால் போதும். மெய் பிம்பம் என்றாலே திரை வேண்டும் என்று கல்லூரி முடித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன்! இழை எண்ணத் துணியை 5 செ.மீ.க்குள் வையுங்கள்.

சைடு மிரர்ல பின்னால வர்ற வண்டி ஏனுங்க தூரமாத் தெரியுது?
– லாரி ஓட்டுநர், சங்ககிரி

அது குவி ஆடி, அதாவது வெளிப்பக்கம் புடைத்த கண்ணாடி. அதன் வளைவு ஆரம் 1.2 மீட்டர் என்றால், எவ்வளவு தூரத்தில் வரும் வண்டியின் பிம்பமும் ஆடிக்குப் பின்னால், ஆரத்தில் பாதியான 60 செ.மீ.க்குள்தான் இருக்கும். பிம்பம் கிட்டத்தில்தான், ஆனால் மிகச் சிறியது. சிறிதாகத் தெரிவதால் மூளை அதைத் தூரம் என்று எடுத்துக்கொள்கிறது.

எங்க ஓட்டு வீட்டுல வெயில் விழற பொட்டெல்லாம் வட்டமாவே இருக்குதுங்க. ஓட்டையோ கோணல்மாணல்.
– வாசகி, காங்கேயம்

ஓட்டை சிறிதாக இருந்தால் அந்த வட்டங்கள் சூரியனின் பிம்பங்கள். லென்ஸ் இல்லாததால் கதிர்கள் குவிவதில்லை, ஆகவே விளிம்பு கொஞ்சம் மங்கல். ஆனாலும் ஒளி நிஜமாகவே தரையில் விழுகிறது. உச்சி வெயிலில் 3 மீட்டர் உயரத்து ஓட்டைக்கு வட்டம் சுமார் 3 செ.மீ. இருக்கும். 2019 டிசம்பர் 26 காலை கோவை, திருப்பூர், ஈரோட்டில் கங்கண சூரிய கிரகணம் (நிலா நடுவை மறைக்க, சூரியன் வளையமாகத் தெரிவது) தெரிந்தபோது, இத்தகைய ஓட்டைகள் தரையில் போட்டவை வளையங்கள்.