தானே கிரீக்கில் (மும்பையை ஒட்டிய கடற்கழி) என்னென்ன பறவைகள்? கேள்வி பதில்

சார், ஐரோலியிலிருந்து (நவி மும்பை) கிரீக்குக்குள் போகும் படகில் பூநாரை பார்க்க எந்த நேரம் நல்லது? (செம்பூர்)

நவம்பர் முதல் மே வரை பூநாரைகள் இருக்கும். நேரத்தை முடிவு செய்வது கடலின் ஏற்ற வற்றம்தான். நீர் முழுக்க வற்றிவிட்டால் பறவைகள் சேற்றில் வெகுதூரம் பரவிவிடும். நீர் ஏற ஏறச் சேறு சுருங்கும், கூட்டமும் நெருங்கி வரும். ஏற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அதனால் போன ஞாயிறு ஏற்றமாக இருந்த நேரத்தில் இந்த ஞாயிறு அநேகமாக வற்றமாக இருக்கும். அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

பெரும் பூநாரை, சிறு பூநாரை எப்படிப் பிரிப்பது? (முலுண்ட்)

தனியாக நிற்கும் பறவையின் உயரம் ஏமாற்றும், அலகைப் பாருங்கள். பெரியதற்கு வெளிர் ரோஜா அலகு, நுனி மட்டும் கறுப்பு. சிறியதற்கு அலகு முழுக்கக் கருஞ்சிவப்பு, தூரத்தில் கறுப்பாகவே தெரியும். கோடியக்கரையில் பார்த்தவர்களுக்குப் பெரியது பழக்கம். இங்கே சிறியதுதான் அதிகம். இரண்டும் தலையைக் கவிழ்த்துத்தான் மேயும். சிறியது நுண்பாசியை வடிகட்டும், பெரியது புழு, சின்னக் கூனி வகைகளைத் தேடும். அதனால்தான் ஒரே சேற்றில் இரண்டுக்கும் பிழைப்பு நடக்கிறது.

சாம்பல் நிறத்தில் சில நிற்கின்றனவே, நோயா?

இல்லை, இளம் பறவைகள். தீனியிலுள்ள நிறமி சேரச் சேரச் சிவக்கும்.

பூநாரை தவிர வேறு என்ன பார்க்கலாம், அண்ணா? (தாராவி)

இதைக் கேட்டதற்கே நன்றி. பலர் பூநாரையோடு திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். கருவால் மூக்கன் என்ற கரைப்பறவைக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். நிற்கும்போது வெறும் பழுப்புதான். எழுந்து திரும்பும்போது இறக்கையில் வெள்ளைப் பட்டை, வெள்ளை இடுப்பு, கறுத்த வால் நுனி எல்லாம் ஒரே நேரத்தில் பளிச்சிடும். மேல்நோக்கி வளைந்த அலகை இடமும் வலமும் வீசியபடி நடந்தால் அது கோணமூக்கு உள்ளான். நீரில் நட்ட கம்பங்களையும் பாருங்கள், விரால் அடிப்பான் என்ற கழுகு வகை மீனைக் காலில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும்.

ஏற்றத்தின்போது பூநாரைகள் எங்கள் பக்கக் குளங்களுக்கு வருகின்றனவே, ஏன்? (நெருள்)

சேறு மூழ்கியதும் இளைப்பாற ஆழமில்லாத நீர்நிலை தேவை. கிரீக் 2015-ல் சரணாலயமானது, 2022-ல் ராம்சர் தகுதியும் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்) வந்தது. உங்கள் பக்கத்துக் குளங்கள் அந்த எல்லைக்கு வெளியே இருக்கின்றன. கடல்நீர் வந்துபோகும் வாய் அடைபட்டால் குளத்தைப் பாசி மூடிவிடும், பறவை இறங்க முடியாது. நடைப்பயிற்சிக்குப் போகும்போது அந்த வாயை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அடைப்பு இருந்தால் படம் எடுத்து வனத்துறைக்கு எழுதுங்கள்.