அடுத்த லென்ஸ் எது? – கேள்வி பதில்

கேமரா வாங்கி ஓரிரு வருடம் ஆனவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: கேமராவோடு வந்த 18–55 கிட் லென்ஸை ஒரு வருடமாகப் பயன்படுத்துகிறேன். நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஒருவர் 50 மி.மீ. எஃப்/1.8 என்கிறார், இன்னொருவர் 55–250 ஜூம் என்கிறார், மூன்றாமவர் எல்லாவற்றுக்கும் ஒரே 18–200 போதும் என்கிறார். என்னால் ஒன்றுதான் வாங்க முடியும்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதைக் கணினி முன் செலவிடுங்கள். இந்த ஒரு வருடத்தில் எடுத்தவற்றில் உங்களுக்குப் பிடித்த நூறு படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். எத்தனை மி.மீ.-இல் எடுத்தது (எண் கூடக் கூடத் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும்), அபெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு என்ன, ஷட்டர் வேகம் என்ன என்பதெல்லாம் ஒவ்வொரு கோப்பிலும் பதிவாகியிருக்கும். அப்புறம் இன்னொரு குவியல் சேருங்கள்: எடுக்க ஆசைப்பட்டு, சரியாக வராமல் போன படங்கள். எனக்கு இந்த இரண்டாவது குவியல்தான் முக்கியம். அடுத்து வாங்க வேண்டிய லென்ஸ் எது என்பது அதில்தான் இருக்கிறது.

வீணான படங்களில் பெரும்பாலானவை 55-இல் எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கியவையா? அப்படியென்றால் உங்களுக்குத் தேவை 55–250. முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் நகர்ந்தும் 18-இல் அடங்காதவையா? அப்படியானால் நண்பர்கள் சொன்ன மூன்றுமே உங்களுக்கானவை அல்ல; 10–18 போன்ற அகலக் கோண லென்ஸைப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் மாலை வெளிச்சத்திலும் எடுத்துக் கலங்கிப்போனவை, இரைச்சல் புள்ளிகளோடு வந்தவை என்றால் எஃப்/1.8 வாங்குங்கள்.

எஃப்/1.8-க்கும் கிட் லென்ஸுக்கும் என்ன அப்படி வித்தியாசம்? எஃப் எண் சிறியதாக ஆக ஆகத் திறப்பு பெரிதாகும். கிட் லென்ஸ் 55-இல் அதிகபட்சம் எஃப்/5.6 வரைதான் திறக்கும். எஃப்/1.8 அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். விளக்கு வெளிச்சத்தில் ஒரு குழந்தை சிரிக்கிறது. கிட் லென்ஸில் ஷட்டர் 1/20 நொடி கேட்கிறது, அதற்குள் தலை திரும்பிவிடுகிறது, முகம் இழுபடுகிறது. அதே இடத்தில் எஃப்/1.8-இல் 1/200 கிடைக்கும். கண்ணின் ஓரத்தில் விழும் சுருக்கம்வரை படத்தில் நிற்கும். இதைப் பார்த்த பிறகு கிட் லென்ஸை வீட்டுக்குள் எடுக்கவே மனம் வராது.

ஆனால் 50-ஆ 35-ஆ என்று ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. உங்களுடையது ஏ.பி.எஸ்.-சி சென்சார் கேமரா; அதாவது படத்தைப் பதியும் சென்சார், முழுச் சட்ட கேமராவில் உள்ளதைவிடச் சிறியது. அதில் 50 மி.மீ. லென்ஸ், முழுச் சட்ட கேமராவில் 75 அல்லது 80 காட்டும் அளவுக்குத்தான் காட்டும். சிறிய அறையில் ஒருவரின் தலையும் தோளும் வரும், நான்கு பேர் வரமாட்டார்கள். கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 50-இல் நிறுத்தி ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க நகர்த்தாமல் படம் எடுங்கள். மறுநாள் 35-இல் ஒட்டி எடுங்கள். எந்த நாளில் கை டேப்பைப் பிய்க்கத் துடித்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 50 மி.மீ.-ஐ எஃப்/1.8-இல் வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஆறேழு சென்டிமீட்டர்தான். கண் துல்லியமாக இருக்கும், காது கலங்கிவிடும். இரண்டு பேர் முன்பின்னாக உட்கார்ந்தால் ஒருவர்தான் தெளிவாக வருவார். முதல் வாரத்தில் பலர் லென்ஸில் பழுது என்று நினைப்பது இதைத்தான். எஃப்/4-க்கு மாற்றிப் பாருங்கள், தெளிவாக விழும் ஆழம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும்.

18–200 மோசமான லென்ஸ் இல்லை. மலையேறும்போது, தூசி பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்ற முடியாதபோது, அது ஒன்றே போதும். ஆனால் இருட்டில் உங்கள் கிட் லென்ஸ் எங்கே திணறுகிறதோ அங்கேதான் அதுவும் திணறும். இரண்டாவது லென்ஸாக அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

கேள்வி: நடனம் ஆடும் மகளைப் படம் எடுத்தால் எல்லாமே கலங்கி வருகிறது. ஆட்டம் தடுக்கும் வசதி உள்ள லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. அந்த வசதி உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் ஈடுகட்டும், மேடையில் சுழல்பவரை நிறுத்தாது. உங்கள் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்திரையும் விளக்குகளும் தெளிவாக இருந்து ஆள் மட்டும் கலங்கியிருந்தால், குறை ஷட்டர் வேகத்தில் இருக்கிறது. நடனத்துக்கு 1/250-க்குக் கீழே இறங்காதீர்கள், வேகமான அடவுகளுக்கு 1/500 வேண்டும். அதற்காக, சென்சாரின் உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.-வை 3200 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். புள்ளி விழுந்த படத்தை ஓரளவு சரிசெய்யலாம், இழுபட்ட முகத்தைச் சரிசெய்ய வழியே இல்லை. இதையெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் 85 மி.மீ. எஃப்/1.8 பாருங்கள். மேடைக்கு முன் வரிசையில் இடம் கிடைப்பவர் என்றால் 50 போதும்.

கேள்வி: நிலாவைப் பெரிதாக எடுக்க 300 மி.மீ. போதுமா?

சென்சாரில் விழும் நிலாவின் அளவைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான கணக்கு: லென்ஸின் மி.மீ.-ஐ 110-ஆல் வகுங்கள். 300-க்குச் சுமார் 2.7 மி.மீ. வரும். ஏ.பி.எஸ்.-சி சென்சாரின் உயரமே சுமார் 15 மி.மீ. ஆகவே சட்டத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நிலா இருக்கும். வெட்டிப் பெரிதாக்கினால் பள்ளங்கள் தெரியும், சட்டம் நிறையாது. முழுநிலவை விட அரைநிலாவை எடுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் பள்ளங்களின் நிழல் நீண்டு விழும், அழகே தனி. நிலாவுக்காக மட்டும் 600 மி.மீ. வாங்க வேண்டாம், பறவைகள் மீதும் ஆர்வம் இருந்தால் யோசிக்கலாம்.

கேள்வி: பழைய லென்ஸ் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

லென்ஸ்களைப் பழையதாக வாங்குவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கேமரா உடல் சில வருடங்களில் பழசாகிவிடும், நல்ல கண்ணாடி இருபது வருடம் ஆனாலும் நல்ல கண்ணாடிதான். ஆனால் கையில் எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டு பக்க மூடிகளையும் கழற்றுங்கள். அபெர்ச்சர் இதழ்கள் மூடியிருந்தால், பின்பக்கத்தில் சிறு நெம்புகோல் உள்ள லென்ஸ்களில் அதைத் தள்ளிப் பிடித்தால் விரியும். கொஞ்சம் இருட்டான இடத்துக்குப் போய், கைப்பேசியின் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, மறுபக்கத்திலிருந்து உள்ளே பாருங்கள். மெல்லத் திருப்பிக்கொண்டே பாருங்கள். அங்கங்கே சிதறிய புள்ளிகள் தெரியும், அது தூசி. எல்லா லென்ஸிலும் உண்டு, படத்தில் தெரியாது. கண்ணாடியின் விளிம்பிலிருந்து உள்நோக்கி, வேர் விட்டதுபோலக் கிளை கிளையாக மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. மூச்சு விட்டதுபோல ஒரு மங்கல் கண்ணாடி முழுக்கப் பரவியிருந்தால் அதுவும் கெடுதல்தான், வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படங்கள் வெளுத்துப்போகும்.

ஒருமுறை கடையின் பளிச்சென்ற வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒரு லென்ஸ் வாங்கினேன். கண்ணாடி தண்ணீர்போல இருந்தது. வீட்டில் விளக்கை அணைத்து டார்ச் அடித்தபோது, இரண்டாவது கண்ணாடியின் ஓரத்தில் தலைமுடியைவிட மெல்லிய ஓர் இழை, அதிலிருந்து மூன்று கிளைகள். திருப்பிக் கொண்டுபோனபோது விற்றவர் அதைத் தூசி என்றே சாதித்தார். சுத்தம் செய்யக் கொடுத்தேன். இழை போய்விட்டது, அது அரித்த தடம் மேற்பூச்சில் அப்படியே நிற்கிறது. அதனால் சொல்கிறேன், பூஞ்சை என்று சந்தேகம் வந்தாலே கீழே வைத்துவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

முன் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் இருந்தால் பயப்பட வேண்டாம், படத்தில் அநேகமாகத் தெரியாது. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் வேண்டாம். ஃபில்டர் திருகும் விளிம்பு நசுங்கியிருந்தால் லென்ஸ் கீழே விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுமினுப்பு கூடாது. கடைசியாக, உங்கள் கேமராவில் மாட்டி, செய்தித்தாள் ஒட்டிய சுவரையோ செங்கல் சுவரையோ நேருக்கு நேர் நின்று, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து எடுங்கள். நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா மூலையும் ஒரே அளவுக்கு மங்கினால் அது லென்ஸின் இயல்பு. இடப்பக்கம் தெளிவாகவும் வலப்பக்கம் குழைந்தும் இருந்தால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி இடம்பெயர்ந்திருக்கிறது.

வாங்கிய பிறகு தோல் உறையில் போட்டு அலமாரிக்குள் வைத்துவிடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பத மானி போதும். மானி 40–50 சதவீதம் காட்டினால் நிம்மதியாக இருக்கலாம். ஜெல் நிறம் மாறினால் பொட்டலத்தில் எழுதியிருக்கும் வெப்பத்தில் சூடாக்கி மறுபடி பயன்படுத்துங்கள்.

கேள்வி: லென்ஸ் வாங்கும்போது யு.வி. ஃபில்டரும் கட்டாயம் வேண்டும் என்கிறார்கள்.

ஃபிலிம் காலத்தில் அதற்கு வேலை இருந்தது. டிஜிட்டல் சென்சாரின் முன்னால் உள்ள கண்ணாடியே புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. கடற்கரை மணலிலும் உப்புக்காற்றிலும் எடுப்பவர் என்றால் பாதுகாப்புக்குப் போடலாம். மற்றவர்கள் லென்ஸின் முன்னால் மாட்டும் லென்ஸ் ஹூட் என்ற மறைப்பை வாங்குங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தையும் தடுக்கும், இடிபடும்போது முதல் அடியையும் தாங்கும்.

ஃபில்டர் ஒன்றுதான் வாங்குவேன் என்றால் சர்குலர் போலரைசரை வாங்குங்கள். இலையின் மேல் வழுக்கும் பளபளப்பை, குளத்தின் மேல் கிடக்கும் வானத்தின் பிரதிபலிப்பை அது நீக்குவதுபோல எந்த மென்பொருளாலும் பிறகு நீக்க முடியாது. அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும்! ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாகும்) என்பதால் இருட்டில் கழற்றிவிடுங்கள். உங்களிடம் ஃபில்டர் திருகும் விட்டம் 52, 58, 67 மி.மீ. என்று பல அளவில் லென்ஸ்கள் இருந்தால், பெரியதற்கு ஒரு போலரைசர் வாங்கி, மற்றவற்றுக்கு, சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: மெமரி கார்டில் எந்த எண்ணைப் பார்ப்பது?

பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். கேமராவுக்குத் தேவை எழுதும் வேகம். வி30 என்ற குறி இருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் தொடர்ந்து எழுதும் என்று பொருள். படங்களுக்கும் சாதாரண 4கே வீடியோவுக்கும் அது போதும். ஒரே 256 ஜி.பி. கார்டை விட இரண்டு 128 ஜி.பி. நல்லது. ஒன்று கெட்டாலும் பாதிப் பயணம் கையில் இருக்கும்.

கேள்வி: ட்ரைபாட் வாங்கினேன், இரவுப் படங்கள் இன்னமும் ஆடுகின்றன.

நடுத்தண்டை முழுதாக உயர்த்தி வைத்திருக்கிறீர்களா? அப்படிச் செய்தால் மூன்று கால் ஒரு கால் ஆகிவிடுகிறது. நடுத்தண்டை இறக்கிவிட்டுக் கால்களை நீட்டுங்கள், தடித்த பகுதியை முதலில். இரண்டு நொடி டைமர் வையுங்கள். லென்ஸின் ஆட்டத் தடுப்பை அணைத்துப் பாருங்கள், பழைய லென்ஸ்களில் அதுவே ஆட்டத்தை உண்டாக்குவது உண்டு. இவ்வளவும் செய்தும் ஆடினால்தான் புது ட்ரைபாட்.

கேள்வி: அப்பாவின் பழைய ஃபிலிம் கேமராவும் அதன் 50 மி.மீ. லென்ஸும் என்னிடம் இருக்கின்றன. அந்த லென்ஸை இப்போதைய கேமராவில் போட முடியுமா?

உங்களுடையது மிரர்லெஸ், அதாவது உள்ளே பிம்பத்தைத் திருப்பும் ஆடி இல்லாத கேமரா என்றால் அநேகமாக முடியும். லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் (மவுண்ட்) சென்சாருக்கும் இடையே உள்ள தூரம்தான் இங்கே கணக்கு. நிகான் எஃப் மவுண்ட்டில் அது 46.5 மி.மீ., கேனான் இ.எஃப்.-இல் 44. மிரர்லெஸ்ஸில் ஆடிப் பெட்டி இல்லாததால் சோனி இ 18, கேனான் ஆர்.எஃப். 20, நிகான் இசட் 16 என்று குறைந்துவிடுகிறது. அந்த வித்தியாசத்தை நிரப்ப ஒரு வெற்றுக் குழாய் போதும். அடாப்டர் என்று விற்பது அதைத்தான். உள்ளே கண்ணாடி எதுவும் தேவையில்லை.

ஆடி உள்ள டி.எஸ்.எல்.ஆர். என்றால் கவனம் வேண்டும். பழைய நிகான் லென்ஸைக் கேனான் டி.எஸ்.எல்.ஆர்.-இல் மெல்லிய அடாப்டரோடு போடலாம், கேனான் லென்ஸை நிகானில் அப்படிப் போட முடியாது. கேனானின் பழைய எஃப்.டி. லென்ஸின் தூரம் 42 மி.மீ. என்பதால், கேனானின் சொந்த டி.எஸ்.எல்.ஆர்.-இலேயே தொலைவில் ஃபோகஸ் ஆகாது. நிகானில் டி3500, டி5600 போன்ற உடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கேமராவின் மோட்டாரை நம்பியிருக்கும் ஏ.எஃப்.-டி வகை லென்ஸ்கள் அவற்றில் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் ஆகும்.

அடாப்டர் வாங்குவதற்கு முன், மேலே சொன்ன டார்ச் சோதனையைச் செய்துவிடுங்கள். மாட்டிய பிறகு கேமரா படம் எடுக்க மறுத்தால் பதற வேண்டாம். லென்ஸ் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை இயக்கு’ என்று பொருள்படும் ஒரு வசதி இருக்கும், அதை இயக்குங்கள். ஃபோகஸ் ஆன விளிம்புகளை நிறத்தால் காட்டும் பீக்கிங் வசதியையும் போட்டு, எஃப்/4-இல், ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒருவரிலிருந்து தொடங்குங்கள். அப்பாவே கிடைத்தால் இன்னும் நல்லது.