நோட்டில் எழுதாத மாண்டிசோரி வகுப்பில் குழந்தை என்ன கற்கிறது?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. மாண்டிசோரி பள்ளியில் சேர்த்து ஆறு மாதமாகிறது. இன்னும் நோட்டில் ஓர் எழுத்துகூட எழுத வைக்கவில்லை. தண்ணீர் ஊற்றுவதிலும் மரக்கட்டை அடுக்குவதிலுமே பொழுது போகிறது. வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். அதே சமயம், பெயரை நம்பி நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம்.

மருத்துவரான மரியா மாண்டிசோரி, 1907 ஜனவரி 6 அன்று, ரோம் நகரின் சான் லொரன்சோ பகுதியில், தொழிலாளர் குடியிருப்பொன்றின் பிள்ளைகளுக்காகத் தம் முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் தொடங்கினார். எதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதைவிட, குழந்தை தானாக எதை எடுக்கிறது, எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்று கவனிப்பதையே முதல் வேலையாகக் கொண்டார். அவருடைய முறை முழுவதும் அந்தக் கவனிப்பிலிருந்தே உருவானது. 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த அவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார்.

உங்கள் மகள் கையாளும் உருளைக் கட்டையைக் கூர்ந்து பாருங்கள். பத்து உருளைகள், அவற்றுக்கு அளவெடுத்த பத்துக் குழிகள். ஒன்று மாறி அமர்ந்தால் கடைசியில் ஓர் உருளை பொருந்தாமல் நிற்கும். தவறை யாரும் சுட்டிக்காட்டாமல் அவளே கண்டுகொள்வாள். உருளையின் சிறு குமிழைக் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் சேர்ந்து பிடிக்கின்றன. பென்சிலைப் பிடிப்பதும் அதே மூன்று விரல்கள்தான். பின்னர், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவி, ஒலியைச் சொல்லிப் பழகுவாள். சான் லொரன்சோவில் புகைக்கூண்டை வரையச் சொல்லிச் சுண்ணக்கட்டி கொடுக்கப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், வரைந்து முடித்ததும் "எனக்கு எழுத வருகிறது!" என்று கூவி, 'கை' என்னும் சொல்லைத் தரையில் எழுதினான் என மாண்டிசோரி பதிவு செய்திருக்கிறார். அதுவரை அவன் கையைத் தயார்செய்தவை இத்தகைய பயிற்சிகளே.

ஆனால் 'மாண்டிசோரி' என்ற பெயரை எந்தப் பள்ளியும் வைத்துக்கொள்ளலாம். எனவே அனுமதி பெற்று ஒரு மணி நேரமாவது வகுப்பில் அமர்ந்து பாருங்கள். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கிறார்களா, கற்றல் பொருள்கள் அவர்கள் கைக்கு எட்டும் அலமாரியில் உள்ளனவா, எடுத்த வேலையை முடிக்கும்வரை குறுக்கிடாமல் விடுகிறார்களா என்று கவனியுங்கள். பொருள்கள் கண்ணாடிப் பீரோவில் பூட்டிக் கிடந்தாலோ, பரிசும் தண்டனையும் காட்டிப் பிள்ளைகளை நடத்தினாலோ, நீங்கள் தயங்குவது நியாயமே. உப்புத்தாள் எழுத்துகளை எப்போது அறிமுகப்படுத்துவார்கள், மகள் இப்போது எதை விரும்பி எடுக்கிறாள் என்றும் ஆசிரியரிடம் கேளுங்கள். அவளைக் கவனித்து வருபவரால் தெளிவாகப் பதில் சொல்ல முடியும்.

பதில் திருப்தியாக இருந்தால் மூன்று ஆண்டுகளும் அங்கேயே படிக்கட்டும். முதலாண்டில் கைக்குக் கிடைத்த பழக்கம் எழுத்தாகவும் கணக்காகவும் வெளிப்படுவது பெரும்பாலும் அடுத்த இரண்டு ஆண்டுகளில்தான். இடையில் நிறுத்தினால் அந்தப் பலன் முழுதாகக் கைக்கு வராமல் போகலாம்.