ஒரு பேர், இரண்டு பூரி

கேள்வி: நான் மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் நர்ஸ். சர்க்கரை நோயாளிகள் சாப்பாட்டு விஷயத்தில் என்னிடம் உண்மையே பேசுவதில்லை. "ஒரு பேர் தால் பூரிதான்" என்கிறார்கள். ரத்தப் பரிசோதனை வேறு கதை சொல்கிறது. இவர்களை எப்படி நம்புவது?

பதில்: அது பொய் இல்லை அம்மா, நம் தீவுப் பேச்சான கிரியோலின் கணக்கு. இந்தத் தீவில் தால் பூரியை ஒற்றையாக எவன் விற்றான்? பேர் என்றால் ஜோடி. இரண்டு பூரியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மொச்சைக் கறியும் ருகாய் என்கிற தக்காளிக் குழம்பும் மிளகாய்ச் சட்னியும் தடவி, சுருட்டித் தாளில் தருவார்கள். ஒரு பேர் தின்றவர் இரண்டு தின்றவர்.

இந்தப் பக்கத்தில் 'பேர்' என்று அச்சானால் 'இணை' என்று திருத்தி அனுப்புகிற புலவர் ஒருவர் இருக்கிறார். பல வருடச் சண்டை. அவரே போர்ட் லூயிஸ் மார்க்கெட்டில் "தே பேர்", அதாவது இரண்டு ஜோடி, என்று கேட்டு வாங்கியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இரண்டு இணை பருப்புப் போளி என்று கேட்டிருந்தால் இன்னும் வரிசையில்தான் நின்றிருப்பார்.

சரி, உங்கள் விஷயம். எனக்கும் சர்க்கரைதான். ஒரு நர்ஸ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு "சோறு எவ்வளவு?" என்றார். "கொஞ்சம்" என்றேன். கிளினிக்குக்கு முந்தைய இரண்டு நாள் பத்தியம் வேறு. மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற பரிசோதனையிடம் இரண்டு நாள் பத்தியம் எந்த மூலைக்கு? மாட்டினேன், திட்டினார். அடுத்த முறை இன்னும் தேர்ச்சியாகப் பொய் சொன்னேன். அப்புறம் வந்தவர் பேனாவை மூடிவிட்டு, "கோயில் ஏழு கறி விருந்தில் நான் மூன்று தரம் சோறு வாங்கினேன்" என்றார். "நான் நாலு" என்றேன், பெருமையாக. தேநீர்ச் சர்க்கரை உட்பட மிச்சமெல்லாம் தானாக வெளியே வந்தது.

1987இல் நம் அரசாங்கம் ரேஷன் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயாவுக்கு மாற்றியது. 1992க்குள் மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5இலிருந்து 4.7 மில்லிமோலுக்கு இறங்கியது. எண்ணெய் மாறியது அதற்கு முக்கியக் காரணம். யார் வாயையும் கிளற வேண்டியிருக்கவில்லை. சர்க்கரை நோய் மட்டும் அசையவில்லை. இலையில் நாலாம் தரம் விழுகிற சோற்றை எந்த அமைச்சரவையும் மாற்ற முடியாதே.

அதனால் இனிமேல் பேரை எண்ணாமல் பூரியை எண்ணுங்கள். முதலில் உங்கள் கணக்கைச் சொல்லுங்கள், நேற்று எத்தனை?