ஸ்பெயினில் நட்பும் அன்றாட வாழ்க்கையும்: கேள்வி பதில்

ஸ்பெயினுக்குப் படிக்கவும் வேலைக்கும் வந்திருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளில் விசாவைப் பற்றியவை குறைவு, தனிமையைப் பற்றியவைதான் அதிகம். அதனால் இந்த முறை முழுக்க அதற்கே. பார்சிலோனாவில் சில காலம் இருந்துவிட்டு இப்போது மாட்ரிடில் வேலை பார்க்கிறேன். இரண்டு ஊரையும் மனதில் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

அக்கா, மாட்ரிட் வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆபீஸில் எல்லோரும் சிரித்துப் பேசுகிறார்கள், "ஒருநாள் பார்ப்போம்" என்கிறார்கள். ஆனால் யாரும் கூப்பிடுவதில்லை. என்னிடம் ஏதாவது குறையா?

உங்களிடம் ஒரு குறையும் இல்லை, தம்பி. நாளும் நேரமும் குறிக்காமல் சொல்லும் அழைப்பு இங்கே அன்புக்காகச் சொல்வது. அதைத் திட்டமாக எடுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. ஸ்பெயினில் பெரும்பாலானவர்கள் பிறந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோதான் கல்லூரிக்குப் போகிறார்கள். பெற்றோர் வீட்டை விட்டுத் தனியாகப் போகும் சராசரி வயது சுமார் 30. அதனால் பள்ளியில் சேர்ந்த கூட்டம் அப்படியே தொடர்கிறது. பாஸ்க் பகுதியில் அந்தக் கூட்டத்துக்குக் குவாத்ரியா என்று தனிப் பெயரே உண்டு. சாகும்வரை அதே ஆட்களோடு அதே தெருவில் பார் பாராகச் சுற்றுவார்கள். உங்கள் ஆபீஸ்காரர்களுக்கு வாரக் கடைசி ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. உங்களை ஒதுக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை, புதிய ஆளைத் தேட வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் முதல் அடியை நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும். "வியாழக்கிழமை எட்டு மணிக்கு, ஆபீஸுக்குக் கீழே இருக்கும் பாரில்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ஒருவரை மட்டும் கூப்பிடாமல் நான்கைந்து பேரைச் சேர்த்துக் கூப்பிடுங்கள், இங்கே பழக்கம் கூட்டமாகத்தான் தொடங்கும். இன்னொன்று, காலை பத்தரை, பதினொரு மணிக்கு எல்லோரும் காபிக்கு இறங்குவார்களே, அந்த அரை மணி நேரத்தை ஒருநாளும் விடாதீர்கள். வேலை குவிந்திருக்கிறது என்று மேசையிலேயே உட்கார்ந்திருப்பதுதான் நம் பிள்ளைகள் பலரும் செய்வது. யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வீடு மாறுகிறார்கள், சனிக்கிழமை யார் மலையேறப் போகிறார்கள் எல்லாம் அந்தக் காபியில்தான் தெரியவரும்.

நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பிரியாணி போட்டேன். ரசித்துச் சாப்பிட்டார்கள். ஆனால் இதுவரை ஒருவர்கூடத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. மனசு கஷ்டமாக இருக்கிறது. (வலென்சியா)

கஷ்டப்படாதீர்கள். இங்கே வீடு குடும்பத்துக்கானது, நண்பர்களுக்குத் தெருவும் சதுக்கமும் பாரும். வீடுகளும் சிறியவை, உங்கள் வயதில் இருப்பவர்கள் அம்மா அப்பாவோடு இருப்பார்கள், இல்லையென்றால் மூன்று பேரோடு பங்கு போட்டு இருப்பார்கள். உங்கள் பிரியாணிக்குப் பதில் மரியாதை வேறு வடிவில் வரும். "ஆகஸ்டில் எங்கள் கிராமத்துத் திருவிழாவுக்கு வா" என்று ஒருவர் சொன்னால், அது சாதாரண அழைப்பு இல்லை. கோடையில் நகரத்தார் பலரும் தாத்தா பாட்டி ஊருக்குப் போய்விடுவார்கள், அங்கே சதுக்கத்தில் விடியவிடிய இசையும் ஆட்டமும் நடக்கும். கட்டாயம் போங்கள். கையில் ஒரு இனிப்பு கொண்டுபோனால் போதும்.

இரவுச் சாப்பாட்டை ஒன்பதரைக்கு ஆரம்பிக்கிறார்கள். எனக்கு ஏழு மணிக்கே பசி எடுத்துவிடுகிறது!

ஆறு மணி வாக்கில் ஏதாவது கொறியுங்கள், அவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். இன்னொரு வழி, மதியம் இரண்டு மணிக்கு நன்றாகச் சாப்பிடுவது. வார நாளில் மெனு டெல் தியா என்று முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, பானம், கடைசியில் இனிப்போ காபியோ சேர்த்து ஒரே விலையில் தருவார்கள். கடிகாரமும் ஒரு காரணம். பூகோளப்படி பிரிட்டனின் நேரத்தில் இருக்க வேண்டிய நாடு, 1940 முதல் ஜெர்மனியின் நேரத்தில் ஓடுகிறது. ஜூன் மாதம் மாட்ரிடில் சூரியன் மறைய இரவு பத்து மணி நெருங்கிவிடும்.

நான் மது குடிப்பதில்லை. எல்லாச் சந்திப்பும் பாரில்தான். போகாமல் இருந்தால் நட்பு இல்லை, போனால் சங்கடம்.

தயங்காமல் போங்கள். இங்கே பார் என்பது நம் ஊர் டீக்கடைக்குத்தான் பக்கம். காலையில் பாட்டி காபி குடிப்பதும், மாலையில் குழந்தைகள் மேசைக்கு அடியில் விளையாடுவதும் அங்கேதான். ஆல்கஹால் இல்லாத பீர் எல்லா பாரிலும் இருக்கும். மோஸ்தோ என்ற திராட்சைச் சாறு, எலுமிச்சை சோடா, காபி எதைக் கேட்டாலும் யாரும் காரணம் விசாரிப்பதில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று பொதுப் பணம் போடும்போது மட்டும் "எனக்குச் சோடாதான்" என்று முன்பே சொல்லிவிடுங்கள், கணக்கைச் சரிசெய்துகொள்வார்கள். ஸ்பானிஷ் வங்கிக் கணக்கு வந்ததும், கைபேசியில் பணம் அனுப்பும் பிசும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். பணம் பிரிப்பதெல்லாம் அதில்தான் நடக்கிறது, அது இல்லாதவருக்காக ஒவ்வொரு முறையும் ஒருவர் சில்லறை தேட வேண்டியிருக்கும்.

சைவம் சாப்பிடுபவர் பிழைக்க முடியுமா?

முடியும், ஆனால் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. ஹாம் என்ற பன்றித் தொடைக்கறியையும் சூரை மீனையும் பல பேர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கலவை சாலட்டில் சூரை வரும், பருப்புக் குழம்பில் சொரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும், சல்மோரேஹோ சூப்பின் மேல் தொடைக்கறியைத் தூவித் தருவார்கள். ஹாம், சொரிசோ, சூரை என்று பெயர் சொல்லியே மறுத்துவிடுங்கள். முட்டை சாப்பிடுவீர்களானால் தோர்த்தியா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட் எந்த ஊரிலும் கைகொடுக்கும். மற்றபடி தக்காளி தடவிய ரொட்டி, பத்ரோன் மிளகாய் வறுவல், காஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளி சூப், தேன்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், செவில்லின் கொண்டைக்கடலைக் கீரை எல்லாம் அருமையானவை. நம் ஊர் மளிகைக்கு மாட்ரிடில் லாவாபியெஸ், பார்சிலோனாவில் ரவால் பகுதிக் கடைகளுக்குப் போங்கள்.

பார்சிலோனாவில் இருக்கிறேன். ஸ்பானிஷே இன்னும் தடுமாறுகிறது. இந்தப் பகுதியின் மொழியான கத்தலானும் கற்க வேண்டுமா?

ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தால் வேலைகள் நடக்கும். ஆனால் கத்தலானில் நான்கு வாக்கியம் பேசிப் பாருங்கள், எதிரில் இருப்பவரின் முகமே மாறும். தங்கள் மொழியை ஒரு வெளிநாட்டுப் பிள்ளை மதிக்கிறது என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். மொழிப் பற்றைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே. அரசு அமைப்பு தொடக்க நிலை வகுப்புகளை இலவசமாக நடத்துகிறது. ஒரு தன்னார்வலரோடு உங்களை இணைத்து, வாரம் ஒரு மணி நேரம் என்ற கணக்கில் பத்து மணி நேரம் கத்தலானில் பேச வைக்கும் திட்டமும் உண்டு. அந்தப் பத்து மணி நேரம் முடிந்தும் சேர்ந்து காபி குடிப்பதைத் தொடரும் ஜோடிகளை நான் அறிவேன்.

இதைவிட நான் ஆசையோடு சொல்வது, மனிதக் கோபுரம் கட்டும் குழுவில் சேருங்கள் என்று. காஸ்டல் என்று பெயர். 2010ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். உச்சிக்கு ஏறுவது சிறு பிள்ளைகள். ஆனால் அடியில் நூற்றுக்கணக்கானோர் நெருக்கி நின்று தாங்க வேண்டும், அதற்குப் பின்யா என்று பெயர். அந்த அடிக்கூட்டத்துக்கு எப்போதும் ஆள் வேண்டும். பயிற்சி நாளில் நேரே போய் நின்றால் போதும், உயரத்தைப் பார்த்து இடம் காட்டி, கையை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லித்தருவார்கள். மருத்துவர், கொத்தனார், மாணவி, ஓய்வுபெற்ற ஆசிரியர் எல்லோரும் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து நிற்பார்கள். தொட்டுப் பழக்கமில்லாதவர்களுக்கு முதல் நாள் கூச்சமாக இருக்கும், பிறகு போய்விடும். பயிற்சி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். நான்கு மாதம் மொழி வகுப்பில் வராத பேச்சு அந்த மேசையில் வரும்.

கூச்சம் அதிகம் என்றால் கிரிக்கெட் இருக்கிறது. 2021ல் பார்சிலோனா மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நகரத் திட்டங்களில் ஒரு கிரிக்கெட் மைதானமும் உண்டு. அதற்காக முன்நின்று வாக்குச் சேகரித்தது தெற்காசியக் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள்.

அறை தேடுகிறேன். என் பெயரைப் பார்த்ததும் பதிலே வருவதில்லை.

நடக்கிறது, மறைக்க விரும்பவில்லை. பாகுபாட்டுக்கு எதிராக 2022ல் விரிவான சட்டம் வந்திருக்கிறது, பார்சிலோனா மாநகராட்சியில் இதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. வெளிப்படையாக மறுத்தால் அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். ஆனால் கூரை இன்றைக்கு வேண்டுமே. அதற்கு ஆள் மூலம் தேடுவதுதான் பலன் தருகிறது. பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதிப் பிரிவு, காபிக்கு வரும் சக ஊழியர், அறையைக் காலி செய்யும் மாணவர் என்று எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். அறையை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். அந்த முகவரியில் மாநகராட்சிப் பதிவு செய்ய வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த அறையே வேண்டாம். மருத்துவ அட்டைக்குப் போனாலும் வதிவிட அட்டைக்குப் போனாலும் அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள்.

என் நண்பர்கள் எல்லோரும் எராஸ்மஸ் மாணவர்கள், சில மாதம் மட்டும் இங்கே படிக்க வரும் பரிமாற்ற மாணவர்கள். ஜூன் வந்தால் விமான நிலையத்தில் அழுவதே வேலை. இனி யாரோடும் பழகவே பயமாக இருக்கிறது. (கிரனாடா)

இந்தக் கேள்வியை எழுதிய பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும் போல இருக்கிறது. வந்து போகிறவர்களோடு நட்பு வேகமாக நெருங்கும். எல்லோரும் தனியாக இருக்கிறார்கள், எல்லோருக்கும் மாலை காலியாக இருக்கிறது. அந்த நட்பு உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஊரில் வாழ முடியாது.

போகாதவர்கள் இருக்கும் இடத்துக்கு வாரம் ஒரு மாலையையாவது கொடுங்கள். ஒரு பாடகர் குழு, மாநகராட்சி விளையாட்டு மையம், மலையேறும் சங்கம், இல்லையென்றால் எஸ்குவேலா ஒஃபிசியல் டி இடியோமாஸ் என்ற அரசு மொழிப் பள்ளி. 1911ல் மாட்ரிடில் தொடங்கியது, இப்போது நாடு முழுக்க இருக்கிறது, கட்டணமும் குறைவு. எதுவானாலும் ஒன்றைப் பிடித்து, அதே கிழமை, அதே நேரம் போய்க்கொண்டே இருங்கள். முதல் இரண்டு மாதம் யாரும் உங்களைக் கண்டுகொள்ளாதது போலத் தோன்றும். நீங்கள் ஒருமுறை வராமல் போன வாரம்தான் "ஏன் வரவில்லை, உடம்பு சரியில்லையா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். இங்கே நெருக்கமான பேச்சை விட, தவறாமல் வந்து நிற்பதில்தான் நம்பிக்கை வளர்கிறது.

இரண்டு முத்தம் கொடுத்து வணக்கம் சொல்வது கட்டாயமா?

கட்டாயமில்லை. பெண்களோடு கன்னத்தோடு கன்னம் இரண்டு பக்கமும் தொடுவது வழக்கம், ஆண்கள் தங்களுக்குள் கைகுலுக்குவார்கள். விருப்பமில்லை என்றால் சிரித்துக்கொண்டே முதலில் கையை நீட்டுங்கள், புரிந்துகொள்வார்கள்.

அடுத்த வாரம் என் பிறந்தநாள். ஆபீஸில் சொல்லலாமா? தாங்களாக ஏதாவது செய்வார்களா?

சொல்லுங்கள், ஆனால் இங்கே பிறந்தநாள் கொண்டாடுபவர்தான் மற்றவர்களுக்கு வாங்கித் தர வேண்டும். பேக்கரியில் குவாசான் வாங்கிக்கொண்டு பதினொரு மணிக் காபிக்குப் போங்கள். வீட்டில் செய்ய வசதி இருந்தால் ரவா கேசரி எடுத்துப் போகலாம், குங்குமப்பூ இங்கேயே லா மாஞ்சாவில் விளைகிறது. பால், முந்திரி சேர்த்திருப்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள்.