கமரா கேள்வி–பதில்: பழைய 28 மி.மீ. லென்ஸ்களில் எது கூர்மை?

கேள்வி: 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சோனி கமராவில் அடப்டர் (வேறு கமராவின் லென்ஸைப் பொருத்தும் இடைவளையம்) போட்டு இரண்டு பழைய 28 மி.மீ. லென்ஸ்களைப் பாவிக்கிறேன். ஒன்று நிக்கோனின் நிக்கோர் ஏஐ-எஸ் எஃப் 2.8, மற்றது ஒலிம்பஸ் சுயிகோ எஃப் 3.5. காலி முகத்திடலில் நின்று துறைமுக நகரப் பக்கத்தைப் பின்னேரம் இரண்டிலும் எடுத்துப் பார்த்தேன். சுயிகோ தெளிவாக இருக்கிறது. நிக்கோரில் மூலைகள் குழைந்துபோய்க் கிடக்கின்றன. நிக்கோர்தான் மேல் என்கிறார்களே, எதை நம்புவது?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: நிக்கோரைக் குறை சொல்ல முன் அடப்டரைக் கழற்றி அளந்து பாருங்கள். நிக்கோன் எஃப் மவுண்டுக்கும் (லென்ஸைப் பூட்டும் வளையம்) ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ., ஒலிம்பஸ் ஓஎம்மில் 46 மி.மீ., சோனி ஈ மவுண்டில் 18 மி.மீ. ஆகவே நிக்கோர் அடப்டர் 28.5 மி.மீ. தடிப்பும் சுயிகோ அடப்டர் 28 மி.மீ. தடிப்பும் இருக்க வேண்டும். தடிப்புக் கூடினால் லென்ஸ் முடிவிலியை, அதாவது மிகத் தூரத்துப் பொருளுக்கான ஃபோக்கஸை, எட்டவே எட்டாது. வாங்கியவர் மறுநாளே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவார். அதனால் மலிவான அடப்டர்களைக் கொஞ்சம் மெல்லியதாகவே கடைந்துவிடுகிறார்கள். மெல்லியதானால் ஃபோக்கஸ் வளையம் முடிவிலியைத் தாண்டித் திரும்பும். பலர் அதைக் கவனிப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். அடப்டர் 0.1 மி.மீ. குறைவு என்று வைத்துக்கொள்வோம். 28 மி.மீ. லென்ஸில் வளையம் 8 மீற்றர் அளவில் நிற்கும்போதே தூரத்துக் கட்டடம் ஃபோக்கஸாகிவிடும். அது தெரியாமல் வளையத்தை முட்டும்வரை திருப்பினால், எஃப் 2.8 இல் (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துவாரம் சிறுக்கும்) ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 36 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வட்டமாக விரியும்; எஃப் 8 இல் 12.5 மைக்ரோன். உங்கள் கமராவில் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரோன்தான். எஃப் 8 இல் கூட இரண்டு பிக்சல் அளவு கூர்மை போய்விட்டது. படம் 'பரவாயில்லை' போலத் தெரிவதால் பழி லென்ஸின் தலையில் விழுகிறது.

நிக்கோருக்கு இதில் கூடுதல் பாதிப்பு உண்டு. அந்த லென்ஸில் சிஆர்சி என்ற அமைப்பு இருக்கிறது. கிட்டவுள்ள பொருளுக்கு ஃபோக்கஸ் செய்யும்போது உள்ளேயுள்ள கண்ணாடித் தொகுதிகளின் இடைவெளியும் சேர்ந்து மாறும். 20 செ.மீ. வரை கிட்டப் போயும் அது கூர்மை குலையாமல் நிற்பது அதனால்தான். அடப்டர் 0.3 மி.மீ. குறைந்தால், நீங்கள் தூரத்து மலையைப் பார்க்கும்போது லென்ஸின் கண்ணாடிகள் 2.6 மீற்றருக்கு உரிய ஒழுங்கில் நிற்கும். படத்தின் நடுவில் பெரிதாகத் தெரியாது. மூலைகள்தான் அடிவாங்கும். நீங்கள் சொல்லும் குறையும் அதுவே.

டிஜிட்டல் வேணியர் ஒன்றால் அடப்டரின் தடிப்பை நாலு பக்கமும் அளவுங்கள். நாலும் ஒன்றாக இருந்து மொத்தம் மட்டும் குறைந்தால், பின்முகத்துத் திருகாணிகளைக் கழற்றி, வளையத்தின் கீழே மெல்லிய பித்தளைத் தகட்டையோ சமையலறை அலுமினியத் தாளையோ சம அளவாக வெட்டி வைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் அது சரிந்த அடப்டர். அதைத் திருத்த மினக்கெடாமல் வேறொன்று வாங்குங்கள்.

இடத்தையும் மாற்றுங்கள். பின்னேரக் காலி முகத்திடலில் வெயில் குடித்த தரையிலிருந்து வெக்கை எழும், கடல் பக்கம் உப்புத் தூவானம், ட்ரைபொட்டை உலுக்கும் காற்று வேறு. அங்கே எடுத்த படம் லென்ஸை விடக் காற்றைத்தான் அதிகம் காட்டும். வானம் தெளிந்த காலையில் கொழும்பின் உயர்மாடிகளிலிருந்து சிவனொளிபாதமலை தெரியும் என்பதற்காக அதையும் இலக்காக வைக்காதீர்கள். 200 மீற்றர் தூரத்தில் உள்ள கட்டடம் 28 மி.மீ. லென்ஸுக்கு முடிவிலிதான். காலை ஆறரை மணிக்குள் பேரை வாவிக் கரையில் நின்று எதிர்க்கரைக் கட்டடத்தின் ஜன்னல் கம்பியையோ பெயர்ப்பலகை எழுத்தையோ எடுங்கள்.

ட்ரைபொட்டின் நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். கமராவின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட்டு, ஐஎஸ்ஓ 100, ரோ கோப்பு, 2 செக்கன் டைமர், எலெக்ட்ரோனிக் முன்திரை ஷட்டர் என்று வையுங்கள். திரையை உச்ச அளவுக்குப் பெரிதாக்கி, எழுத்தைப் படத்தின் நடுவே வைத்து ஃபோக்கஸ் செய்யுங்கள். வளையத்தைத் தாண்டவிட்டுத் திரும்பி வந்து, மீண்டும் தாண்டி, உச்சத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விளிம்புகளில் நிறம் காட்டும் பீக்கிங் வசதி இந்த வேலைக்குப் போதாது. அரை மில்லிமீற்றர் வளையத் திருப்பத்தை அது கண்டுகொள்ளாது. பிறகு வளையத்தைத் தொடாமல் கமராவை மட்டும் திருப்பி, அதே எழுத்தை நாலு மூலைகளிலும் வைத்து எடுங்கள். முழுத் திறப்பு, எஃப் 5.6, எஃப் 8, எஃப் 11 என ஒவ்வொன்றிலும் ஐந்து படம். அபேச்சரை (ஒளி நுழையும் துவாரத்தை) மூடும்போது ஃபோக்கஸ் சற்று நகரும் லென்ஸ்களும் உள்ளன. ஆகவே எஃப் 5.6 இல் ஒருமுறை திரும்பச் சரிபாருங்கள்.

கணினியில் 100 வீதத்தில் மட்டும் பாருங்கள். நாலு மூலைகளும் ஒரேயளவு மங்கி, மூலையிலேயே ஃபோக்கஸ் செய்ததும் தெளிந்தால், லென்ஸின் ஃபோக்கஸ் தளம் வளைந்திருக்கிறது. அது அந்த வடிவமைப்பின் குணம். எஃப் 11 இல் பெரும்பாலும் மறையும். ஒரு மூலை அல்லது ஒரு பக்கம் மட்டும் மங்கினால், உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது, இல்லாவிட்டால் அடப்டர் சரிந்திருக்கிறது. அதே அடப்டரில் இன்னொரு நிக்கோரைப் போட்டும் அதே பக்கம் மங்கினால் அடப்டர்தான் காரணம்.

நாற்பது வருடம் கைமாறி வந்த லென்ஸ்களில் பெயரை விட, உங்கள் கையிலுள்ள அந்த ஒன்றின் நிலைமைதான் பெரிது. நல்ல சுயிகோ கெட்ட நிக்கோரை வெல்லும், மாறியும் நடக்கும். அடப்டரைச் சரிசெய்து மேலே சொன்னபடி எடுத்தால், எஃப் 8 இல் இரண்டின் நடுப்பகுதியையும் பிரித்தறிவது கடினம். முழுத் திறப்பில் மூலைகள், சூரியன் சட்டத்துக்குள் வரும்போது ஒளிச் சிதறல், இந்த இரண்டிலும்தான் வித்தியாசம் தெரியும். நிலக்காட்சி எடுப்பவருக்கு முதலாவதை விட இரண்டாவதே முக்கியம்.

கேள்வி: ஹோட்டன் சமவெளியில் முன்னால் புல், பின்னால் மலை, இரண்டும் தெளிவாக வரவேண்டும் என்று எஃப் 22 இல் எடுத்தேன். எல்லாமே மந்தமாக இருக்கிறது. லென்ஸ் பழுதா?
— கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: லென்ஸில் பழுதில்லை. துவாரம் சிறுக்கச் சிறுக்க ஒளி அதன் விளிம்பில் விரிந்து, ஒரு புள்ளி வட்டமாகிவிடுகிறது. பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் எஃப் 8 இல் 10.7 மைக்ரோன், எஃப் 11 இல் 14.8, எஃப் 22 இல் 29.5. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் இதற்குத் தப்பாது. எஃப் 11 ஓடு நில்லுங்கள்.

லென்ஸில் பொறித்த ஆழ அளவுகோலை (எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம் வரை தெளிவாக வரும் என்று காட்டும் கோடுகளை) அப்படியே நம்பவும் வேண்டாம். அது 0.03 மி.மீ. மங்கலைத் 'தெளிவு' என்று ஏற்றுக்கொண்டு போட்ட கணக்கு, ஃபிலிம் காலத்துச் சிறு பிரிண்டுக்குச் சரி. இன்றைய சென்சருக்கு இரண்டு படி இறுக்குங்கள். அபேச்சரை எஃப் 11 இல் வைத்து, அளவுகோலில் எஃப் 5.6 கோடுகளைப் பாருங்கள். 28 மி.மீ. லென்ஸானால் ஃபோக்கஸ் 4.7 மீற்றரில் நிற்கும், 2.35 மீற்றரிலிருந்து மலை வரை தெளிவாக வரும். அடப்டர் மெல்லியதானால் இந்த எண்களும் பிழைக்கும். அப்போது தூரத்தைக் கண்ணால் மட்டிட்டு, அங்கேயுள்ள ஒரு பொருளைத் திரையில் பெரிதாக்கி ஃபோக்கஸ் செய்வதே பாதுகாப்பு.

புல் ஒரு மீற்றருக்குள் இருந்தால் இரண்டு படம் எடுங்கள்: முதலில் புல்லுக்கு, பிறகு மலைக்கு, இரண்டும் எஃப் 8 இல். கணினியில் சேர்க்கலாம். காற்றில் புல் ஆடினால் சேர்க்கை பிசகும்; காற்று அடங்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

கேள்வி: பாவித்த லென்ஸ் ஒன்றில் நூல் போலப் பங்கசு தெரிகிறது. விலை மலிவு. வாங்கலாமா? கூர்மை குறையுமா?
— தெஹிவளை வாசகர்

பதில்: அபேச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டோர்ச் அடித்து, முன்பக்கத்தால் சற்றுச் சரிவாகப் பாருங்கள். முன்கண்ணாடியின் ஓரத்தில் இரண்டொரு நூல் இருந்தால் கூர்மைக்கு ஒன்றும் ஆகாது. பின்கண்ணாடியில் உள்ளது படத்தில் தெரியக்கூடும். நூல்களை விட மோசமானது, உள்ளே புகை படிந்தது போன்ற மங்கல். அது படம் முழுவதன் கொன்ட்ராஸ்டையும் தின்றுவிடும், பார்ப்பவர் 'கூர்மை இல்லை' என்பார். அப்படியானதை எவ்வளவு மலிவென்றாலும் வாங்காதீர்கள். பங்கசு பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது.

கொழும்பில் லென்ஸைத் தோல் உறையில் போட்டு அலமாரியில் வைப்பது பங்கசுக்குச் சோறு போடுவது போல. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும், அதற்குக் கீழே கொண்டுபோக வேண்டியதில்லை. சிலிக்கா ஜெல்லில் செம்மஞ்சள் நிற வகையை எடுங்கள். நீல வகையில் கோபால்ட் குளோரைட் உண்டு, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. ஏசி அறையிலிருந்து வெளியே போகும்போது லென்ஸைப் பையில் மூடியபடி அரைமணி நேரம் விடுங்கள். திறந்தவுடன் கண்ணாடியில் பனி படிந்தால் துடைக்காமல் காத்திருங்கள்.

கடற்கரையில் எடுத்தபின் முன்கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்க்கவே கூடாது. உப்பு மணி கீறும். முதலில் ஊதி, பிறகு வடித்த நீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுங்கள்.

கேள்வி: சைஸ் டிஸ்டகொன் 21 மி.மீ. எஃப் 2.8 க்கு இவ்வளவு காசு கொடுக்கலாமா?
— பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: எஃப் 2.8, எஃப் 4 இல் மூலைகள் வேண்டும் என்றால், சூரியனை நேரே வைத்து எடுப்பீர்கள் என்றால், கொடுக்கலாம். எப்போதும் எஃப் 8 தான் என்றால் அந்தக் காசை நல்ல ட்ரைபொட்டில் போடுங்கள். ஒன்றை மட்டும் தெரிந்து வாங்குங்கள்: இதில் நேர்கோடு மீசை போல வளையும். கடல் அடிவானத்தைச் சட்டத்தின் மேல் ஓரத்துக்குக் கிட்ட வைத்தால் அலையாகத் தெரியும். சாதாரண நேராக்கும் சறுக்கியால் அது தீராது, அந்த லென்ஸுக்கென்று உள்ள புரொஃபைல் (கணினித் திருத்தக் கோப்பு) வேண்டும். இல்லாவிட்டால் அடிவானத்தை நடுவுக்குக் கிட்ட வையுங்கள்.

கேள்வி: சூப்பர் டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 ஒன்று தேநீர் நிறத்தில் இருக்கிறது. கூர்மை போய்விட்டதா?
— புறக்கோட்டை வாசகர்

பதில்: போகவில்லை. அதன் ஒரு கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. அந்தக் கதிரியக்கத்தால் கண்ணாடி காலப்போக்கில் மஞ்சளாகும். கொஞ்சம் ஒளி குறையும், நிறத்தை வைட் பலன்ஸில் சரிசெய்யலாம். தெளிய வைக்க விரும்பினால், பின்கண்ணாடி மேலே பார்க்க, கீழே அலுமினியத் தாள் விரித்து, புறஊதா எல்ஈடி விளக்கின் கீழ் சில நாட்கள் விடுங்கள். விளக்கு எரியும்போது அதை நேரே பார்க்கக் கூடாது. மொட்டைமாடி வெயிலிலும் தெளியும், ஆனால் சூட்டில் உள்ளேயுள்ள கிரீஸ் இளகி அபேச்சர் இதழ்களுக்கு ஓடிவிடும்.